கண்மாய் நிறைந்த வருஷம்

வெள்ளைத்தாய்க்கு வாய் நீளம் என்று ஓடைக்கரைப்பட்டியில் சொல்வார்கள். அபாண்டம். வாய் நீளமானவள் இருபது வருஷம் பயர் ஆபீஸில், அதாவது பட்டாசுத் தொழிற்சாலையில், தலை நிமிராமல் குழாய் உருட்டியிருப்பாளா? காகிதத்தைச் சுருட்டிப் பசை தடவி, வெடிக்கான குழாயாக்கி அடுக்கும் வேலை. பேசினால் கை நிற்கும், கை நின்றால் கூலி நிற்கும். அதனால் பேசாமலே இருந்தாள். அவளுக்கு வாய் முளைத்தது நாற்பதை நெருங்கும்போதுதான். முளைக்க வைத்தவர்கள் முதலாளி வீட்டார். பின்னாளில் அதற்காக அவர்கள் வருத்தப்பட்டார்களா என்றால், இல்லை. வருத்தப்பட வேண்டிய வேலையெல்லாம் வெள்ளைத்தாய் தலையில்தான் விழுந்தது.

ஊர் எம். புதுப்பட்டிக்கு மேற்கே இருக்கிறது. பஸ் நிற்குமா நிற்காதா என்று டிரைவருக்கே தெரியாத ஒரு விலக்கில் இறங்கி நடக்க வேண்டும். ஒரு காலத்தில் விவசாயக் கூலிகளாக இருந்த சனம். கண்மாய் வறண்டு, வயல் கருவேலங்காடாகி, எல்லோரும் பட்டாசுக்குப் போய் ஒரு தலைமுறை ஆகிவிட்டது. மற்ற ஊர்களில் மேகம் கறுத்தால் முகம் மலரும். இங்கே சுருங்கும். செய்த வெடி காய்வதற்கு வெயில் வேண்டும். இடி இடித்தால் அறையை விட்டு வெளியே ஓடிவந்துவிட வேண்டும், அன்றைய கூலியில் பாதி அதோடு போச்சு. நாலு தூறல் விழுந்ததும் "வந்து தொலைஞ்சிருச்சு" என்று வானத்தைப் பார்த்துக் கரித்துக்கொட்டும் பெண்களை இந்தப் பக்கம் தவிர வேறெங்கும் பார்க்க முடியாது. எல்லோரும் விவசாயி பெற்ற பிள்ளைகள்தான். யாரைக் குறை சொல்ல? சோறு எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம்தான் மனசும் சாயும்.

அவர்களில் பாதிப்பேருக்கு மேல் வேலை பார்த்தது அய்யாதுரையின் பயர் ஆபீஸில். சிவகாசியில் அவருக்கு அச்சாபீஸும் உண்டு. நல்ல மனிதர் என்றுதான் பெயர். யாரையும் அதட்ட மாட்டார். அதட்டவேண்டிய தேவை அவருக்கு வந்ததில்லை. 2004-ல் அவர் மகள் கீர்த்திகா இங்கிலாந்தில் படிப்பை முடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். அப்போதுதான் ஆபீஸ் வாசலில் 'பசுமைத் தொழிற்சாலை' என்று புதிதாக ஒரு போர்டு மாட்டியிருந்தார்கள். போர்டுக்குக் கீழே வரிசையாக வேப்பங்கன்றுகள், கம்பிக் கூண்டோடு. கன்று செத்தாலும் கூண்டு சாகாதில்லையா, தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் செழிப்பாகவே தெரிந்தது. உள்ளே அறைகளைச் சுற்றி மருந்துக்குக்கூட ஒரு புல் கிடையாது. காய்ந்த புல்லில் தீப்பொறி விழுந்துவிடக் கூடாது என்று வாரம் தவறாமல் செதுக்கிவிடுவார்கள்.

போர்டைப் பார்த்துவிட்டு கீர்த்திகா தன் அப்பாவிடம் கேட்டது ஊர் முழுக்கப் பரவியது. "பத்துத் தேங்கா திருடுனவன், இனிமே அஞ்சுதான் திருடுவேன்னு போர்டு மாட்டுனா அவன் நல்லவனாப்பா?"

அவள் சொன்னது இதுதான். கெடுதலைக் குறைத்தால் மட்டும் போதாது. ஒரு கம்பெனி ஒரு இடத்தில் இருக்கிறதென்றால், அது வருவதற்கு முன்னால் இருந்ததைவிட அங்கே மண்ணும் தண்ணீரும் மனுசரும் ஒருபடி மேலாக இருக்க வேண்டும். எடுத்ததைத் திருப்பிக் கொடுத்து, செத்ததற்கு உயிர் கொடுத்துத்தான் தொழில் நடக்க வேண்டும். எதைத் திருப்பிக் கொடுப்பது என்பதைக் கம்பெனி தனியாக முடிவு பண்ணக் கூடாது, அங்கே உழைக்கிறவர்கள் பண்ண வேண்டும். அப்படி மாறிய கம்பெனிகளைக் கண்ணால் பார்த்து வந்திருக்கிறாள். அய்யாதுரை பொறுமையாகக் கேட்டார். மகள் கேட்டு அவர் எதை மறுத்தார்? கார் கேட்டிருந்தால் வாங்கிக் கொடுத்திருப்பார். இதைக் கேட்டாள், சரி என்றார்.

முதலில் வந்தது சனிக்கிழமைக் கூட்டம். வேலை முடிந்ததும் பேக்கிங் ஷெட்டில் எல்லோரும் தரையில் உட்கார வேண்டும், முதலாளி உட்பட. தொழிலாளிகள் பேசி முடித்த பிறகுதான் முதலாளி வாயைத் திறக்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் யாரும் பேசவில்லை. சனிக்கிழமை தோறும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு, கீர்த்திகா கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள். ஒரு நாள் வெள்ளைத்தாய்க்குப் பொறுக்கவில்லை.

"பேசு பேசுன்னா என்னத்தைப் பேசன்னு கேக்கேன். ஒண்ணுக்குப் போனா கழுவத் தண்ணி இல்ல. காலையில வந்தா சாயங்காலம் வரைக்கும் அடக்கிக்கிட்டுக் கெடக்கோம். இந்த லட்சணத்துல ஒங்ககூட ஒக்காந்து என்ன பேச்சு வேண்டிக்கெடக்கு பாப்பா?"

அய்யாதுரை தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த வாரமே தொட்டி கட்டித் தண்ணீர் வந்தது. அதற்கடுத்த மாதம் வெள்ளைத்தாயைக் குழாய் உருட்டும் வேலையிலிருந்து எடுத்து, கீர்த்திகாவுக்குத் துணையாகத் தொழிலாளர் நலப்பணிக்குப் போட்டார்கள்.

அப்புறம் அவள் ஓய்ந்து உட்காரவில்லை. வீடு வீடாகப் போய்ப் பெண்களைப் பேசப் பழக்கினாள். "நீ சொல்லு இருளம்மா, ஒன் வாயில என்ன கொழுக்கட்டையா இருக்கு?" என்று பக்கத்து வீட்டு இருளம்மாளைப் பிடித்துத் தள்ளிவிட்டாள். கூட்டத்தில் எழுந்து நிற்கவே கால் நடுங்கிய இருளம்மாள், ஒரு வருஷத்தில் போர்மேனை எதிர்த்துக் கேள்வி கேட்டாள். வெடிமருந்து கலக்கும் அறையில் ஒரே ஆளைப் போட்டுத் தூளில் கொல்லக் கூடாது, நாலு மாதத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும் என்று கூட்டம் முடிவு பண்ணியது. அய்யாதுரை மாற்றினார். வெள்ளைத்தாய்க்கு அதெல்லாம் கனவு மாதிரி இருந்தது. அந்த வருஷங்களில் அவள் நடையே மாறிவிட்டது என்று கணவன் ஆண்டிச்சாமி சொல்வான். அவன் லோடு லாரியில் வடக்கே போய்வருகிறவன், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான். எப்போதாவது பார்க்கிறவன் கண்ணுக்குத்தானே மாற்றம் தெரியும்.

"இந்த மண்ணுக்கு நாம எதைத் திருப்பிக் குடுக்கலாம்?" என்று 2006-ல் ஒரு சனிக்கிழமை கீர்த்திகா கேட்டாள். கண்மாய் என்று சொன்னது வெள்ளைத்தாய்தான்.

அவளுக்கு உள்ளே ஒரு கணக்கு இருந்தது. கண்மாய்ப் பாசனத்தில் ஆண்டிச்சாமிக்கு அரை ஏக்கர் நஞ்சை, சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தது. மகள் மாரிசெல்வி பன்னிரண்டாவது முடித்துவிட்டு, பதினெட்டு வயசு ஆனதும் நேராகப் பயர் ஆபீஸுக்குப் போய்ச் சரவெடி பின்ன உட்கார்ந்திருந்தாள். எந்தப் பிள்ளையைப் பட்டாசுப் பக்கம் விடக் கூடாது என்று இத்தனை வருஷம் குழாய் உருட்டினாளோ அதே பிள்ளை. சோத்துக்கு நெல் வீட்டிலேயே விளைந்துவிட்டால், அவளை எடுத்து விருதுநகரில் நர்சு படிப்பில் சேர்த்துவிடலாம். வெள்ளைத்தாய்க்கு உலகத்தில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான். கீர்த்திகா மண்ணுக்கு உயிர் கொடுக்க வந்தாள். வெள்ளைத்தாய் மகளை மீட்க வந்தாள். இரண்டுக்கும் கண்மாய் தேவைப்பட்டது.

"மழையே வேண்டாம்னு கெடக்கோம், கண்மா எதுக்குடி?" என்று இருளம்மாள் கேட்டாள்.

"ஆடு மாடு குடிக்க வேண்டாமா? கெணத்துல ஊத்து வேண்டாமா? தண்ணி கரைக்குள்ள நின்னா ஒன் வெடிய வந்தா நனைக்கப் போவுது?"

அங்கேதான் வெள்ளைத்தாய் பொய் சொன்னாள். கண்மாயின் உள்வாய், அதாவது தண்ணீர் பரந்து நிற்கும் மேல்பக்கம், எதுவரை என்று தூர் எடுக்கும் முன் அளக்கக் கம்பெனி அனுப்பிய ஆள் கேட்டார். தூரத்தில் நின்ற ஒற்றைப் பனையைக் காட்டி "அம்புட்டுத்தான்" என்றாள். சின்ன வயசில் அந்தப் பனையையும் தாண்டித் தண்ணீர் நின்று பார்த்தவள் அவள். பனைக்கு அப்பால் இருந்தது பயர் ஆபீஸின் கீழ்க்கடைசி அறைகளும் வெடி காயப்போடும் மேடைகளும். சொன்னால் தோண்ட விடமாட்டார்கள். தண்ணீர் வந்து நின்ற பிறகு நாலு அறையை மேட்டுக்கு மாற்றிக்கொள்ளட்டும், எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிற கம்பெனிதானே என்று நினைத்தாள். அவள் மட்டுமா? அந்தக் காலத்துத் தண்ணீரைப் பார்த்த நாலைந்து பேர் அங்கே நின்றார்கள். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. வராத தண்ணீருக்கு எல்லை சொல்லி யாரோடு மல்லுக்கு நிற்பது என்று இருந்துவிட்டார்கள்.

கம்பெனி இயந்திரம் அனுப்பியது. ஊர் மண்வெட்டியோடு வந்தது. கருவேலத்தை வேரோடு பிடுங்கினார்கள், ஓடைத் தண்ணீர் வரும் வரத்துக்காலைத் தூர் எடுத்தார்கள், வண்டலை வயலுக்கு அள்ளினார்கள். மடைக்குப் புதுக் கதவு போட்டு, அதைத் திருகித் தூக்குகிற இரும்புச் சாவியைக் கண்மாய்க் குழுத் தலைவி என்று வெள்ளைத்தாய் கையில் கொடுத்தார்கள். அந்த வருஷம் மழை பொய்த்தது. பட்டாசுக்கு நல்ல சீசன். ஊரே சந்தோஷமாக இருந்தது, அவள் ஒருத்தியைத் தவிர.

2007 தீபாவளி முடிந்து ஆபீஸ் லீவு விட்டிருந்தபோது மழை பிடித்தது. லீவில் பெய்யும் மழைமேல் யாருக்கும் கோபம் இல்லை. ஒரு காலையில் கண்மாய்க்குத் தண்ணீர் வந்துவிட்டது என்று சத்தம் கேட்டு ஊர் முழுக்கக் கரைக்கு ஓடியது. செம்மண் நிறத்தில், சருகும் செருப்பும் மிதக்க, ஓடைத் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது. இளவட்டங்கள் அதற்கு முன்னால் கண்மாயில் தண்ணீரைப் பார்த்ததே இல்லை. இருளம்மாள் முழங்கால் ஆழத்தில் இறங்கி நின்று அழுதாள். ஏன் அழுகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கீர்த்திகா நனைந்துகொண்டே போட்டோ எடுத்தாள். வெள்ளைத்தாய் கரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பெற்ற பிள்ளையைக்கூட அவள் அப்படிப் பார்த்ததில்லை.

அரை ஏக்கரையும் உழுது மூன்று மாத நெல் விதைத்தாள். அவளைப் போல இன்னும் நாலு குடும்பம். மற்றவர்களுக்கு ஏர் பிடிக்க ஆளும் இல்லை, மனசும் இல்லை.

"இந்த வெள்ளாமை வீடு வந்து சேந்துச்சுன்னா நீ பயர் ஆபீஸை விடணும்" என்றாள் மகளிடம்.

"மொதல்ல சேரட்டும்மா" என்றாள் மாரிசெல்வி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அதை வாக்காகத்தான் எடுத்துக்கொண்டாள் தாய்க்காரி.

கார்த்திகைக் கடைசியில் இரண்டாவது மழை வந்தது. பெரிய மழை. தண்ணீர் பனையைத் தொட்டது, தாண்டியது, காம்பவுண்டுச் சுவருக்கு அடியில் புகுந்து காயப்போடும் மேடைகளைச் சுற்றி நின்றது. கீழ்க்கடைசி அறைகளுக்குள் கணுக்கால் தண்ணீர். மேட்டில் இருந்த அறைகளின் தரையிலும் ஓதம் ஏறி, மருந்து ஈரம் கோத்துக்கொண்டது. திறந்து சில நாளே ஆகியிருந்த ஆபீஸை மூடினார்கள்.

சுவர் ஓரத்தில் கீர்த்திகா வெள்ளைத்தாயைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் அய்யாதுரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இங்க வரைக்கும் தண்ணி நிக்கும்னு ஒங்களுக்குத் தெரியுமாக்கா?"

"தெரியும் பாப்பா."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா தோண்ட விட்டிருப்பீகளா?"

கீர்த்திகாவுக்கு முகம் சிவந்துவிட்டது. பதில் சொன்னது அய்யாதுரை. அவர் குரலில் கோபமே இல்லை.

"விடு கீர்த்தி. எனக்கும் தெரியும். இந்த நெலம் எனக்கு ஏன் அம்புட்டு சல்லிசாக் கெடைச்சதுன்னு நெனைக்க? இனிமே தண்ணி எங்க வரப்போகுதுன்னு நெனைச்சுத்தான் ஒன்னையத் தோண்ட விட்டேன்."

மகள் அப்பாவைப் பார்த்தாள், வெள்ளைத்தாயைப் பார்த்தாள். இரண்டு பேருமே அவளைச் சின்னப்பிள்ளையாக நினைத்து விளையாடவிட்டிருக்கிறார்கள் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆனாலும் அவள் நல்ல பிள்ளை. அதோடு விட்டுவிட்டுப் போகவில்லை. கீழ்ப்பக்க அறைகளை இடித்து மேட்டில் கட்டிக்கொள்வோம், அந்த இடத்தைக் கண்மாய்க்கே விட்டுவிடுவோம், இதுதான் நிஜமாகத் திருப்பிக் கொடுப்பது என்று அப்பாவிடம் வாதாடினாள். லைசென்ஸை மாற்றி வாங்க ஒரு வருஷம் ஆகும் என்றார் அவர். ஆகட்டும் என்றாள். பார்ப்போம் என்றார். ஆமத்தூர்ப் பக்கம் இடம் கிடைக்கிறது, போனால் மொத்த ஆபீஸையும் அங்கே கொண்டுபோவதுதான் லாபம் என்று கணக்குப்பிள்ளையிடம் சாதாரணமாகச் சொல்லிவைத்தார். கணக்குப்பிள்ளையிடம் சொன்னால் ஊருக்குச் சொன்ன மாதிரி.

மார்கழி போனது. தண்ணீர் வற்றவில்லை. தூர் எடுத்த கண்மாய், நல்ல கண்மாய், ஏன் வற்றும்? வெளியூர் பயர் ஆபீஸ்களில் அந்தந்த ஊர் ஆட்களுக்கே வேலை சரியாக இருந்தது. கடைக்காரர் முகம் கொடுத்துப் பேசவில்லை. பொங்கலுக்குப் பல வீடுகளில் புதுத்துணி இல்லை, சில வீடுகளில் பொங்கலும் பேருக்குத்தான். இரண்டு மாதத்துக்கு முன் தண்ணீரில் நின்று அழுத இருளம்மாள், வெள்ளைத்தாய் எதிரே வந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். வெள்ளைத்தாயின் வயலில் நெல் பால் பிடிக்கும் பருவத்தில் பச்சைப்பசேலென்று நின்றது. அந்தப் பச்சையே ஊர்க் கண்ணை உறுத்தியது.

தை பிறந்து சில நாளில் சனிக்கிழமைக் கூட்டத்தைக் கூட்டச் சொன்னவர்கள் தொழிலாளிகளே. கீர்த்திகா முதலில் மகிழ்ந்துபோனாள். இத்தனை வருஷத்தில் தாங்களாகவே அவர்கள் கேட்ட முதல் கூட்டம்.

இருளம்மாள் எழுந்தாள். கால் நடுங்கவில்லை. "மடையத் தெறந்து விடணும். தண்ணி போனாத்தான் ஆபீஸ் தெறக்கும். ஆமத்தூருக்குப் போயிட்டாகன்னா நாங்க எங்கன போக?"

"மாசி வரைக்கும் பொறுங்க" என்றாள் வெள்ளைத்தாய். "ஒரே ஒரு மாசம். நெல்லு முத்திரும். தண்ணியும் தன்னால எறங்கிரும். மடைய மொத்தமாத் தெறந்தா அம்புட்டுத் தண்ணியும் வயலுக்குள்ளதானே வரும்? சாஞ்சு அழுகிப்போகும் தாயி."

"அஞ்சு வீட்டு நெல்லுக்கு ஊரே பட்டினி கெடக்கணுமா?"

"இது அஞ்சு வீட்டு நெல்லா? கண்மா ஊருக்குத்தானேடி. அடுத்த வருசம் நீயும் வெதைப்பே..."

"அடுத்த வருசம் இருக்கட்டும். இன்னைக்கு ஒல எதை வச்சுக் கொதிக்கும்?"

வெள்ளைத்தாய் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லாம் அவள் வாசல் வாசலாகப் போய் நின்று, கெஞ்சி, திட்டி, பேசப் பழக்கிய வாய்கள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பாமலே தெரிந்தது.

"எங்கம்மாவுக்குக் கண்மா வேணும். எனக்கு வேல வேணும்" என்றாள் மாரிசெல்வி. "நர்சுக்குப் படின்னு அவுகளாச் சொல்லிக்கிட்டு இருக்காக. நான் கேட்டேனா? என் கையில நாலு காசு பொரளுது, யாருகிட்டயும் போயி நிக்கல. அது போதும் எனக்கு. தெறந்து விடுங்க."

யாரும் கைதட்டவில்லை. தட்டியிருந்தால்கூடத் தேவலை. எல்லோரும் பேசி முடித்துவிட்டார்கள் என்று உறுதி செய்துகொண்டு, கூட்டத்தின் விதிப்படி கடைசியாக அய்யாதுரை வாயைத் திறந்தார்.

"நான் ஒரு வார்த்தை சொல்லல. மகளே, நீயே பாத்துக்கிட்டு இருந்தே. இது தொழிலாளிங்க முடிவு. நான் கட்டுப்படுறேன்."

கீர்த்திகா அழுதுவிட்டாள். "எல்லாரும் சேந்து முடிவு பண்ணணும்னு நாமதானேக்கா சொன்னோம்" என்று வெள்ளைத்தாயின் கையைப் பிடித்தாள்.

"ஆமா பாப்பா. வயிறு ஒங்க அப்பா கையில இருக்கும்போது வாய மட்டும் தெறந்துவிட்டோம்."

கையை உருவிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். சாவி கூரை வாரையில் செருகியிருந்தது. கொடுக்கக் கூடாது என்றுதான் கதவை ஒட்டி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் வாசலில் கூட்டம். பெண்கள் பேசாமல் நின்றார்கள். ஆண்கள் கையில் கடப்பாரையும் மண்வெட்டியும் இருந்தன. சாவி கிடைக்காவிட்டால் கரையை வெட்டுவார்கள். மண்வெட்டி பிடித்து அந்தக் கரையை உயர்த்தியதும் இதே கைகள்தான், எங்கே வெட்டினால் உடையும் என்பது அவர்களுக்குத் தெரியும். மடையைத் திறந்தால் தண்ணீர்தான் போகும். கரை போனால் கண்மாயே போகும். அதையும் அவள்தான் யோசிக்க வேண்டியிருந்தது. வேறு யாருக்கும் அன்றைக்கு அந்தக் கவலை இல்லை.

"யாரும் கரையில கை வைக்காதீக. நானே தெறக்கேன்."

உச்சி வெயில். மடைமேல் ஏறி நின்று சாவியைப் போட்டுத் திருகினாள். கதவு கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது. தண்ணீர் முதலில் வாய்க்காலில் அடங்கி ஓடியது. பிறகு வாய்க்கால் தாங்கவில்லை. மடைக்கு அடுத்த வயல் அவளுடையதுதான். பச்சைப் பயிர் தலையை ஆட்டிக்கொண்டு நின்று, சாய்ந்து, கண்ணுக்குத் தெரியாமல் போனது. "போதுமா?" என்று கேட்டாள். போதாது என்றார்கள். முழுக்கத் தூக்கிவிட்டு இறங்கி வந்தாள். அழவில்லை. வயிற்றெரிச்சலில் கண்ணீர் வராது.

தண்ணீர் வடிந்தது, ஆபீஸ் திறந்தது. அதோடு முடியவில்லை. இனி ஒரு காலத்திலும் தண்ணீர் அந்த உயரத்துக்கு ஏறக் கூடாது என்று இன்னொரு சனிக்கிழமை பேசி, உபரித் தண்ணீர் வழியும் கலிங்கை இடித்துத் தணித்தார்கள். இனிக் கண்மாயில் ஆடு குடிக்கத் தண்ணீர் நிற்கும், அவ்வளவுதான். கல் சுமந்தவர்களில் மாரிசெல்வியும் ஒருத்தி. அதற்குப் பிறகு சனிக்கிழமைக் கூட்டம் நடக்கவில்லை. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, பேச ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. சீசன் நெருக்கடியில் மருந்து அறைக்கு ஆள் மாற்றுவதும் நின்றுபோனது.

கீர்த்திகா பெங்களூருக்குக் கிளம்பினாள். பெரிய பெரிய கம்பெனிகளுக்கு இதே விஷயத்தில் ஆலோசனை சொல்லும் வேலை. போவதற்கு முன்னால் வெள்ளைத்தாய் வீட்டுக்கு வந்தாள். காபி குடித்தாள். கண் கலங்கித்தான் இருந்தது, அதில் பொய் இல்லை.

"எங்க தப்புப் பண்ணுனோம்னு எனக்கு இப்பத் தெரியும்க்கா. அடுத்த தடவ சரியாச் செய்வோம்."

"அடுத்த தடவ எந்த ஊருல பாப்பா?"

கீர்த்திகா தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோனாள். வெள்ளைத்தாய் வழியனுப்ப வெளியே வரவில்லை.

நலப்பணி என்று தனியாக ஒன்று இனித் தேவையில்லை என்று அந்தப் பங்குனியில் முடிவானது. குழாய் உருட்ட அவள் விரல்களுக்குப் பழைய வேகம் இல்லை. அய்யாதுரை அவளை நிறுத்திவிடவில்லை. நல்ல மனிதர் என்று சொன்னேன் இல்லையா. கேட்டில் பெண்களைச் சோதிக்கிற வேலையைக் கொடுத்தார். தீக்குச்சி, செல்போன், இரும்பில் ஏதாவது, எதையும் யாரும் உள்ளே கொண்டுபோய்விடக் கூடாது. தலைமுடியைத் தடவிப் பார்க்க வேண்டும், இடுப்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும், தூக்குவாளியைத் திறந்து பார்க்க வேண்டும். தினமும் காலையில் எல்லாப் பெண்களும் அவள் கைபட்டுத்தான் உள்ளே போனார்கள். இருளம்மாள் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள்.

முதல் நாள் வரிசையில் மாரிசெல்வி வந்தாள். அன்றைக்கு அவளை மருந்து அறைக்குப் போட்டிருந்தார்கள். அம்மாவுக்கு முன்னால் வந்து இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள். வெள்ளைத்தாய் ஒரு கணம் தயங்கினாள். பின்னால் வரிசை முணுமுணுத்தது. மகளின் கொண்டையைப் பிரித்துப் பார்த்தாள். ஒரு ஹேர்பின் இருந்தது. அதை எடுத்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். தோள், அக்குள், இடுப்பு என்று தடவிக்கொண்டே வந்தாள். பிள்ளை மெலிந்திருந்தாள்.

"ஒண்ணுமில்ல" என்றாள் காவலாளியிடம். "உள்ள விடுங்க."